இரும்புக்கு ஏங்கும் பூஞ்சை

சாஆவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இந்தியாவில் ஆட்களைக் கொன்ற கறுப்புப் பூஞ்சைதான் தெம்பேயிலும் இருக்கிறதாமே, வாட்ஸ்அப்பில் வந்தது. இனிப்புநீர் உள்ள அம்மாவுக்குக் கொடுக்கலாமா?"

தாராளமாகப் பொரித்துக் கொடுங்கள். சொந்தம் என்னவோ உண்மைதான். சோயாவைக் கட்டியாகப் பிணைக்கும் வெள்ளை நூல் ரைசோபஸ் பூஞ்சை. 2021-இல் இந்தியாவை உலுக்கிய நோய்க்கும் பெரும்பாலும் காரணம் ரைசோபஸ் இனங்களே. ஆனால் அவற்றின் வித்துகள் மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருக்கின்றன, எல்லாரும் சுவாசிக்கிறோம். அப்படியிருந்தும் அந்த ஆண்டு ஜூன் இறுதிவரை இந்தியாவில் பதிவானவர்கள் 40,845 பேர். அவர்களில் 31,344 பேருக்கு மூக்குப் பக்கம் தாக்கிய வகை. பலர் இனிப்புநீர் நோயாளிகள், கோவிட்டுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்கள். அவர்களிடம் மட்டும் வித்து முளைத்தது ஏன்?

முக்கியக் காரணம் இரும்பு. அது இல்லாமல் இந்தப் பூஞ்சை வளராது. நம் ரத்தத்தில் இரும்பு சும்மா மிதப்பதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அடகுக் கடைப் பெட்டிபோல அதைப் பூட்டி வைத்திருக்கிறது. ஒரு பெட்டிக்கு இரண்டே அறை, அறைக்கு ஓர் இரும்பணு. சீட்டு வைத்திருக்கும் செல், பெட்டியை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே கொஞ்சம் அமிலம் சேரும், பூட்டு நெகிழும், நகை கைக்கு வரும், காலிப் பெட்டி கடைக்குத் திரும்பும். சாவியே அமிலம்தான்! இனிப்புநீர் கட்டுமீறிக் கீட்டோன் சேரும்போது ரத்தமே அமிலப் பக்கம் சாய்கிறது. வெளியே இருக்கும் பெட்டிகளும் பிடி தளர்கின்றன. சீட்டில்லாத திருடனுக்கும் நகை கிடைத்துவிடுகிறது.

கூடவே, சர்க்கரையும் கீட்டோனும் ரத்தக்குழாயின் உட்சுவரில் ஜிஆர்பி78 என்ற புரதத்தைப் பெருக்குகின்றன. பூஞ்சை அதைப் பற்றிக்கொண்டு குழாய்க்குள் நுழைகிறது. ரத்தம் உறைகிறது, சதை சாகிறது. கறுப்பு என்பது செத்த சதையின் நிறம், பூஞ்சையின் நிறமல்ல.

 

மற்ற பூஞ்சைகளைக் காட்டிக்கொடுக்கும் ரத்தச் சோதனைகள் இதைத் தவறவிடும். என்டோஸ்கோப் விட்டு ஒரு துணுக்குச் சதை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்: அகன்ற நாடாக்கள், செங்கோணத்தில் கிளைகள், அபூர்வமாகவே குறுக்குச் சுவர். சுவர் அபூர்வம் என்பதால் ஓரிடத்தில் நசுங்கினாலும் இழை சேதமாகிவிடும். அதனால்தான் ஆய்வகத்தில் துணுக்கை அரைக்காமல் நறுக்கி வளர்க்கிறார்கள்.

ரத்தம் போகாத சதைக்கு ஊசிமருந்தும் போகாது. எனவே செத்ததை வெட்டி எடுத்தே ஆகவேண்டும். சர்க்கரையை உடனே கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். லிப்போசோமல் ஆம்போடெரிசின்-பி மருந்தை உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் வீதம் தினமும், பல வாரம் ஏற்ற வேண்டும். சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் விடாமல் கண்காணிக்க வேண்டும். "இரும்பைப் பறித்தால் பூஞ்சை பட்டினி கிடந்து சாகும்" என்று டெஃபெராசிராக்ஸ் மாத்திரையைப் பெரிதாகப் பேசினார்கள். 2012-இல் வெளியான 20 பேர் ஆய்வில் அதை எடுத்தவர்களே அதிகம் இறந்தார்கள். அதிசய மருந்து என்று யாராவது செய்தி அனுப்பினால் இந்த முடிவை அவர்களுக்குத் திருப்பி அனுப்புங்கள்.

சாதாரண மூக்கடைப்புக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் இனிப்புநீர் உள்ளவருக்கு முகத்தின் ஒரு பக்கம் மரத்தாலோ வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, மேலண்ணம் கறுத்தாலோ, கிளினிக்கில் அடுத்த வாரத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் அன்றே உள்ளே பார்க்க வேண்டும்.