காவல் நாயின் உரோமத்தைச் சீவிப் பராமரித்தல்

உழவு மாட்டை வாய்க்காலுக்கு ஓட்டிச் சென்று வைக்கோற் பிரியால் தேய்த்துக் கழுவுவதை எந்த விவசாயிக்கும் கற்பிக்க வேண்டுவதில்லை. பசுவின் மடியைக் கழுவிய பின்னரே பால் கறக்க வேண்டும் என்பதையும் யாவரும் அறிவர். ஆனால் அதே வீட்டில், இரவு முழுதும் விழித்திருந்து களத்து நெல்லையும் ஆட்டுப் பட்டியையும் கிணற்று மோட்டாரையும் காக்கும் நாயின் தேகத்தை மாதக்கணக்கில் எவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. வேளைக்குச் சோறு வைப்பதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். நாய்க்குச் சீப்பு இடுவது பட்டணத்துச் சீமான்களின் பொழுதுபோக்கு என்பது பலருடைய அபிப்பிராயம். அது வெறும் அலங்காரமானால் அதைக் குறித்து இங்கே எழுத வேண்டிய அவசியமே இராது. இறந்த உரோமத்தை ஒழுங்காக அகற்றுவது நாயின் சருமத்தைக் காப்பதோடு, உண்ணி, சொறி, புழுப்புண் ஆகியவற்றை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் வழியுமாகும். வாரத்திற்குப் பத்து நிமிஷமும், இரண்டொரு சாதாரணச் சாமான்களுமே இதற்கு வேண்டும்.

உரோமம் உதிர்வதேன்?

நாயின் தேகத்திலுள்ள ஒவ்வோர் உரோமத்திற்கும் ஓர் ஆயுள் உண்டு. அது சில காலம் வளரும். பிறகு வளர்ச்சி நின்று வேர் சுருங்கும். அதன்பின்னும் சிறிது காலம் சருமத்தில் ஒட்டிக்கொண்டிருந்து பின்னர் உதிரும். இவ்வாறு வளர்ச்சி நின்று உதிரக் காத்திருப்பதையே இறந்த உரோமம் என்கிறோம். பகற்பொழுதின் நீளமும் சீதோஷ்ணமும் மாறும்போது உதிர்தல் மிகும். குளிர் நாடுகளில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அது கொத்துக் கொத்தாக விழும். பகலின் நீளம் அவ்வளவாக மாறாத நம் நாட்டில் வருஷம் முழுதும் சிறிது சிறிதாக உதிர்ந்துகொண்டே இருக்கும். குட்டி ஈன்ற பெட்டை நாய்க்குச் சில வாரங்கள் கழித்து உரோமம் மிகுதியாக உதிர்வதுண்டு. சருமம் புண்ணாகாமல் இருக்குமாயின் அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

நமது நாட்டு இனங்களும் அயல் இனங்களும்

தென் மாவட்டங்களுக்கு உரிய இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்கள் யாவும் குட்டையான, நெருங்கிப் படிந்த உரோமம் உடையவை. இவற்றுள் வெண்ணிற இராஜபாளையம் நாயின் உருவம் 2005-ம் ஆண்டில் இந்தியத் தபால் தலையிலும் இடம் பெற்றது. இந்நாய்கள் நம் வெயிலுக்கு ஏற்றவை. இவற்றைச் சீவுவதும் எளிது. ஆனால் உரோமம் குட்டையாயிருப்பதால் உதிர்வது கண்ணுக்குப் படுவதில்லை. ஆகவே கவனிப்பும் குறைந்துவிடுகிறது.

அல்சேஷன், பொமரேனியன், லாப்ரடார் முதலிய அயல் இனங்களையும் தோட்ட வீடுகளில் இப்பொழுது பலர் வளர்க்கின்றனர். இவற்றிற்கு மேல் உரோமம், அதன்கீழ் பஞ்சு போன்ற அடி உரோமம் என இரண்டு அடுக்குகள் உண்டு. அடி உரோமம் இறந்து உதிரும்போது மேல் உரோமத்தில் சிக்கிக்கொள்ளும். அகற்றாவிட்டால் அது திரித்த கம்பளி போல் சடையாகும். மழையில் நனைந்தால் சடைக்குள் ஈரம் தங்கிச் சருமம் அழுகும்; கோடையில் சருமத்திற்குக் காற்றுப் புகாது. மனிதரைப் போலத் தேகமெங்கும் வேர்த்துச் சூட்டைத் தணிக்கும் சக்தி நாய்க்கு இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே அது தன் சூட்டைப் பெரும்பாலும் குறைத்துக்கொள்கிறது. ஆதலால் இறந்த உரோமம் மூடிய நாய் வெயில் நாளில் மிகவும் துன்புறும்.

வேண்டிய சாமான்கள்

குட்டை உரோமமுள்ள நாய்க்குச் சற்றுக் கெட்டியான மயிர்த் தூரிகையோ, ரப்பர்ப் பற்கள் வைத்த கையுறையோ போதும். அவை கிடைக்காத ஊரில் முற்றி உலர்ந்த பீர்க்கங்கூட்டைச் சிறிது நனைத்துப் பிழிந்து உபயோகிக்கலாம். நீண்ட உரோமமுள்ள நாய்க்கு, பற்கள் அகன்றும் முனை மழுங்கியும் உள்ள உலோகச் சீப்பு ஒன்று அவசியம். இவற்றுடன் ஒரு பழைய வெள்ளைத் துணி, ஒரு சிறிய சாமணம், மூடியுள்ள தகர டப்பாவில் சிறிது மண்ணெண்ணெய் ஆகியவற்றை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாய்க்கு உபயோகித்த சீப்பைக் கழுவி வெயிலில் உலர்த்தாமல் மற்றொரு நாய்க்கு உபயோகிக்கலாகாது.

செய்யும் முறை

வெயில் ஏறுமுன் காலையில், வீட்டு வாசலுக்கு அப்பால் வெளிச்சமான இடத்தில், நாய் நன்கறிந்த ஒருவரே இதைச் செய்ய வேண்டும். வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து அதன்மேல் நாயை நிறுத்துக. முதலில் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். பட்டை அழுந்தும் இடத்தில் புண் மறைந்திருப்பதைப் பல நாய்களிடம் காணலாம்.

கழுத்திலிருந்து தொடங்கி முதுகு, விலா, தொடை, வால் என்ற வரிசையில் செல்க. முதலில் உரோமம் படிந்திருக்கும் திசைக்கு எதிராக மெல்லத் தேய்த்து இறந்ததைத் தளர்த்தி, பிறகு படிந்த திசையிலேயே நீளமாக இழுத்து அதை அகற்ற வேண்டும். நீண்ட உரோமத்தைக் கை விரலால் பகுதி பகுதியாகப் பிரித்துச் சீவ வேண்டும். சடையை வெடுக்கென்று இழுக்கலாகாது. அடியில் விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரிக்க வேண்டும். வயிறு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் சருமம் மெல்லியது. அங்கே அழுத்தம் கூடாது. குட்டை உரோமத்திற்கு வாரம் ஒரு முறையும், அடர்ந்த உரோமத்திற்கு ஒன்றுவிட்டு ஒரு நாளும் செய்தால் போதும்.

துணியில் சேர்ந்த உரோமத்தில் உண்ணி இல்லையெனில் எருக்குழியில் இடலாம். அது மட்குவதற்கு நாள் செல்லுமாயினும் தழைச்சத்து உடையது. உண்ணியோ, சொறியோ காணப்பட்டால் எரித்துவிட வேண்டும்.

சீவும்போது காண வேண்டியவை

இதுவே இவ்வேலையின் முக்கியப் பயன். ஒரு கை சீவும்போது மற்றொரு கையும் கண்ணும் சருமத்தை ஆராய வேண்டும்.

உண்ணி: காது மடலின் உட்புறம், கழுத்து, விரலிடுக்கு ஆகியவை இதற்கு உவப்பான இடங்கள். நாயுண்ணியின் பெட்டை இரத்தம் குடித்துப் பருத்தபின் கீழே விழுந்து, சுவர்ப் பிளவிலும் தரை வெடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதன் வாழ்நாளில் பெரும் பகுதி நாயின்மேல் கழிவதில்லை, வெடிப்புகளிலேயே கழிகிறது. ஆதலால் நாயைச் சுத்தம் செய்வதோடு, அது படுக்கும் இடத்து வெடிப்புகளையும் பூசி அடைக்க வேண்டும். எர்லிக்கியா, பபேசியா என்னும் இரத்த வியாதிகளை இவ்வுண்ணியே பரப்புகிறது. காய்ச்சல், இரை எடுக்காமை, ஈறு வெளுத்தல், சில சமயம் மூக்கில் இரத்தம் ஒழுகுதல் ஆகியவை அவற்றின் குறிகள். உண்ணியைச் சருமத்தை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுத்து, மண்ணெண்ணெய் டப்பாவில் இடுக. விரலால் நசுக்கலாகாது.

தெள்ளுப்பூச்சி: வெள்ளைத் துணியில் மிளகுத்தூள் போன்ற கறுப்புப் பொடி விழுந்தால் அதன்மேல் ஒரு சொட்டு நீர் விடுக. பொடியைச் சுற்றிச் சிவப்பு நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம். நாயின் இரத்தமே அதில் உள்ளது. நாடாப்புழு ஒருவகையும் இப்பூச்சியினால் பரவும்.

சொறியும் படர்தாமரையும்: காது ஓரத்திலும் முழங்கையிலும் உரோமம் கொட்டிப் பொருக்குத் தட்டி, நாய் ஓயாமல் சொறிந்தால் அது சொறியாக இருக்கலாம். வட்ட வட்டமாக உரோமம் உதிர்ந்தால் படர்தாமரையோ எனச் சந்தேகிக்க வேண்டும். இவ்விரண்டும் மனிதருக்கும், முக்கியமாக நாயோடு விளையாடும் குழந்தைகளுக்கும் தொற்றக் கூடியவை. உடனே கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்க.

புழுப்புண்: நாய்ச் சண்டையிலோ, முள்வேலியிலோ பட்ட சிறு காயத்தின்மேல் உரோமம் ஒட்டி மறைத்துக்கொள்ளும். ஈ முட்டையிட்டுச் சில நாட்களில் உள்ளே புழு வைக்கும். துர்நாற்றம் வந்த பின்பே நாம் அறிகிறோம். அப்பொழுது புண் ஆழமாகிவிடுகிறது. வாரந்தோறும் கை படும் நாய்க்கு இந்நிலை வருவது அரிது.

செய்யலாகாதவை

செயல்முறை விளக்கத்திற்குச் செல்லும் ஊர்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பருத்திக்குத் தெளித்த மருந்து மீதி இருக்கிறது, அதையே நாயின் உண்ணிக்குத் தடவலாமா?" தடவவே கூடாது. நாய் தன் தேகத்தை நக்கும் பிராணி. பயிர் மருந்து சருமத்தின் வழியாகவும் உட்செல்லும். எச்சில் ஒழுகி, தசைகள் துடித்து, மூச்சுத் திணறி நாய் இறந்துபோகும். தடவியவருக்கும் அபாயம் நேரலாம். வண்டியிலிருந்து வடித்த கழிவெண்ணெயைச் சொறிக்குப் பூசும் வழக்கமும் விஷத்திற்கு ஒப்பானதே. மாட்டிற்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்தைத் தாமாக அளவு கணித்து நாய்க்குப் போடுவதும் தவறு. கோலி முதலிய சில இனங்களுக்கு அது உயிரையே போக்கும்.

வெயிலுக்கு இதம் என்று எண்ணி உரோமத்தை அடியோடு சிரைத்துவிடுவோரும் உளர். உரோமம் நாய்க்கு நிழலும் ஆகும். இராஜபாளையம் போன்ற வெள்ளை நாயின் இளஞ்சிவப்புச் சருமம், சிரைத்தால் வெயிலில் வெந்துவிடும். இறந்ததை மட்டும் நீக்கி, உயிருள்ளதை விட்டுவைப்பதே முறை.

நாள்தோறும் சோப்பிட்டுக் குளிப்பாட்டுவதும் வேண்டாம். மனிதச் சருமம் சற்று அமிலத் தன்மையுடையது. நாயின் சருமம் அவ்வாறன்று. நம் சோப்பு அதன் இயற்கை எண்ணெயைப் போக்கி வறட்சியும் அரிப்பும் உண்டாக்கும். குளிப்பாட்டுமுன் சீவிவிட வேண்டும். சடை நனைந்தால் இறுகிப் பிரிக்க முடியாததாகிவிடும்.

தீனியின் பங்கு

ஒழுங்காகச் சீவியும் உரோமம் மங்கி, அளவுக்கு மீறி உதிர்ந்தால் தீனியையும் கவனிக்க வேண்டும். உரோமம் புரதத்தால் ஆனது. பழைய சோறும் மோரும் மட்டுமே உண்ணும் நாய்க்குப் போதிய புரதம் கிடைப்பதில்லை. வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், இறைச்சிக் கழிவை வேகவைத்தது ஆகியவற்றுள் இயன்றதைச் சேர்த்தால் சில வாரங்களில் பளபளப்புத் தெரியும். குடற்புழுவிற்கும் மருந்து கொடுக்க வேண்டும்.

கிராம அலுவலர்கள் கவனத்திற்கு

சீவிப் பழக்கிய நாய்க்கு மற்றோர் அனுகூலம் உண்டு. மனிதர் கை படுவதற்கு அஞ்சாத நாய் ஊசி போடும்போது அமைதியாக நிற்கும். ஊரில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம் நடக்கும்போது, பிடிக்க முடியவில்லை என்ற காரணத்தினாலேயே பல வீட்டு நாய்கள் விடுபட்டுப் போகின்றன. மூன்று மாத வயதில் முதல் ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும். லூயி பாஸ்டர் மறைந்த தினமாகிய செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினமாக அனுசரிக்கப்படுகிறது. அதற்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே நாய் வைத்திருப்போரை அழைத்து, சீவும் முறையை ஒருவர் வீட்டு வாசலில் செய்து காட்டச் செய்தால், முகாம் நாளில் வேலை பாதியாகும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பழகிய நாய் காரணமின்றிச் சீறினாலும், குரல் மாறினாலும், நீர் விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நின்றாலும், அதைத் தொடவே கூடாது. கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். எந்த நாய் கடித்தாலும், பல் பட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்க.

குட்டியாயிருக்கும்போதே இப்பழக்கத்தைத் தொடங்குவது நலம். முதல் வாரத்தில் இரண்டு நிமிஷம் கையால் தடவி, காதையும் பாதத்தையும் வாயையும் தொட்டுப் பார்த்து, ஒரு துண்டு தின்பண்டம் கொடுத்து விட்டுவிடுக. சில வாரங்களில் சீப்பைக் கண்டதும் தானே வந்து நிற்கும். மாடு கழுவும் நாளிலேயே நாயையும் சீவுவது என்று வைத்துக்கொண்டால் மறதிக்கும் இடமிராது.