கோதுமையைத் தவிர்க்கும் நனிசைவ உணவுமுறை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

பால், தயிர், நெய், முட்டை, இறைச்சி, தேன் உள்ளிட்ட விலங்குவழி உணவுகள் அனைத்தையும் விலக்கும் உணவுமுறை நனிசைவம் அல்லது வீகன் எனப்படுகிறது. இம்முறையைப் பின்பற்றுபவர் கோதுமையையும் தவிர்க்க வேண்டிய நிலை ஏற்படும்போது, இனி எதை உண்பது என்ற கவலை எழுவது இயல்பே. அரிசி, சிறுதானியம், பருப்பு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட தமிழ்நாட்டுச் சமையலில் வயிறு நிறைய உண்பது கடினமன்று. மறைந்திருக்கும் கோதுமையைக் கண்டறிவதிலும், இரண்டு விலக்குகளும் சேர்வதால் குறையும் சத்துகளை ஈடுசெய்வதிலுமே கவனம் தேவை.

முக்கியச் செய்திகள்

• பரிசோதனை செய்து கொள்வதற்கு முன் கோதுமையை நிறுத்த வேண்டாம்.
• வீகன் முத்திரை பெற்ற உணவிலும் கோதுமை இருக்கலாம்.
• வைட்டமின் பி12 மாத்திரையோ செறிவூட்டிய உணவோ நனிசைவர் அனைவருக்கும் தேவை.
• குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே இம்முறையைப் பின்பற்ற வேண்டும்.

கோதுமையைத் தவிர்க்க வேண்டியவர்கள் யாவர்?

சீலியாக் நோய்: கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. சீலியாக் நோய் உள்ளவர் இதனை உண்ணும்போது, அவரது நோய் எதிர்ப்பு அமைப்பு சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடை குறைதல், குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு மாத்திரை உட்கொண்டும் தீராத இரத்தசோகை மட்டுமே அறிகுறியாக இருக்கும். இந்தியாவில் இந்நோய் வட மாநிலங்களில் அதிகமாகவும் தென் மாநிலங்களில் குறைவாகவும் காணப்படுகிறது. ஆயினும் தென்னிந்தியர்களுக்கு இந்நோய் வராது எனக் கொள்ளலாகாது. இவர்கள் வாழ்நாள் முழுவதும் மூன்று தானியங்களையும் முற்றிலும் விலக்க வேண்டும்.

கோதுமை ஒவ்வாமை: கோதுமையை உண்ட சில நிமிடங்கள் முதல் சில மணி நேரத்திற்குள் தோல் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவை ஏற்படலாம். இவர்கள் கோதுமையைத் தவிர்க்க வேண்டும். பார்லி, ரை குறித்து மருத்துவர் அறிவுரை வழங்குவார்.

குளூட்டன் உணர்திறன்: மேற்கண்ட இரண்டும் இல்லை எனப் பரிசோதனையில் உறுதியான பின்னரும், கோதுமை உண்டால் சிலருக்கு உப்புசமும் வயிற்று வலியும் உண்டாகின்றன. கோதுமையிலுள்ள ஃபிரக்டான் என்னும் மாவுச்சத்து வகையும் இதற்குக் காரணமாகலாம். வெங்காயத்திலும் பூண்டிலும் இதே பொருள் உண்டு. பருப்பு வகைகளிலுள்ள வேறு சில மாவுச்சத்துகளும் உப்புசத்தை உண்டாக்கும். எனவே கோதுமையை நிறுத்தியும் உப்புசம் தொடர்ந்தால், மேலும் மேலும் உணவுகளை விலக்காமல் உணவியல் வல்லுநரை அணுகவும்.

பரிசோதனைக்கு முன் நிறுத்தலாகாது

சீலியாக் நோயை அறிய முதலில் டிடிஜி-ஐஜிஏ என்னும் இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. தேவைப்படின் எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து சிறு திசு எடுத்து ஆராயப்படுகிறது. நோயாளி கோதுமை உண்டு வரும் காலத்தில்தான் இவற்றின் முடிவு நம்பத்தக்கதாக இருக்கும். முன்கூட்டியே கோதுமையை நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை எனத் தோன்றக்கூடும். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் அதனை மருத்துவரிடம் தெரிவிக்கவும். ஒவ்வாமையால் வீக்கமோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டவர்கள் சோதனைக்காகத் தாமாகக் கோதுமையை உண்ணக் கூடாது.

சீலியாக் நோய் உறுதியானவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு பிறரைவிட அதிகம். அவர்களும் மருத்துவரைக் கலந்து பரிசோதனை செய்து கொள்வது நல்லது.

உண்ணத் தக்கவை

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம், ஜவ்வரிசி, கிழங்குகள், பருப்பு மற்றும் பயறு வகைகள், காய், கனி, கீரை, கொட்டைகள், எள் ஆகியவற்றில் இயல்பாகக் குளூட்டன் இல்லை. இட்லி, இடியாப்பம், புட்டு, அடை, சுண்டல் ஆகியவற்றை வீட்டில் கலப்பின்றிச் செய்து உண்ணலாம். ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையுடன் கலந்துவிடுவதால், குளூட்டன் அற்றது எனக் குறிக்கப்பட்டதையே மருத்துவர் அறிவுரையுடன் பயன்படுத்தவும்.

கோதுமை மறைந்திருக்கும் இடங்கள்

சப்பாத்தி, பூரி, பரோட்டா, பிரட், பிஸ்கட் ஆகியவை கோதுமை உணவுகள் என்பது அனைவரும் அறிந்ததே. ரவை, மைதா, சேமியா ஆகியவையும் கோதுமையே என்பதால் உப்புமா, ரவா தோசை, கேசரி ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். பின்வருவனவற்றில் கூடுதல் கவனம் தேவை:

• பெருங்காயம்: கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கப்படுகிறது. சாம்பார், ரசம், வடை, ஊறுகாய் வழியாக அது நாள்தோறும் உடலுக்குள் செல்லலாம். அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்தை வாங்கவும். கிடைக்காவிடில் சீரகம், இஞ்சி கொண்டு தாளிக்கவும்.
• சத்துமாவு: பல கலவைகளில் கோதுமையும் பார்லியும் உள்ளன.
• கேழ்வரகு சேமியா: சில தயாரிப்புகளில் கோதுமை மாவும் கலந்திருக்கும்.
• சைவ இறைச்சி: நனிசைவர்கள் புரதத்திற்காக வாங்கும் சில வகைகள் முழுவதும் கோதுமைக் குளூட்டனால் ஆனவை.
• சோயா சாஸ்: வழக்கமான வகைகள் கோதுமை சேர்த்தே புளிக்க வைக்கப்படுகின்றன.
• மால்ட் பானங்கள்: மால்ட் பொதுவாகப் பார்லியிலிருந்து தயாரிக்கப்படுவதால் சீலியாக் நோயாளிகளுக்கு ஆகாது.

உறையின் மீதுள்ள முத்திரைகள்

பச்சைப் புள்ளி சைவ உணவு என்பதை மட்டும் குறிக்கும். அதில் பால் இருக்கலாம். வீகன் முத்திரை விலங்குவழிப் பொருள் இல்லை என்பதைக் குறிக்கும். அதில் கோதுமை இருக்கலாம். குளூட்டன் அற்றது என்னும் குறிப்பு, ஒரு கிலோகிராம் உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மிகவில்லை என்பதைக் குறிக்கும். அதில் பாலோ முட்டையோ இருக்கலாம். ஆகவே முத்திரையுடன் நில்லாது, சேர்பொருள் பட்டியலையும் ஒவ்வாமை எச்சரிக்கையையும் ஒவ்வொரு முறையும் படிக்கவும்.

அரைக்கும்போதும் சமைக்கும்போதும் நேரும் கலப்பு

சீலியாக் நோயாளிக்குச் சிறிதளவு கோதுமை மாவும் தீங்கு செய்யும். மாவு மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே கேழ்வரகையும் அரைத்தால் கலப்பு நேரும். தானியத்தை முழுதாக வாங்கிப் புடைத்து, கழுவி, உலர்த்தி, வீட்டிலேயே அரைத்துக் கொள்வது பாதுகாப்பானது. தோசைக்கல், சல்லடை, கரண்டி ஆகியவற்றை நோயாளிக்கெனத் தனியே வைக்கவும். மைதா பலகாரம் பொரித்த எண்ணெயில் அவருக்குரிய வடையைப் பொரிக்க வேண்டாம். உணவகத்தில் பரோட்டாவும் தோசையும் ஒரே கல்லில் சுடப்படுகின்றனவா எனக் கேட்டறியவும்.

குறையக்கூடிய சத்துகள்

வைட்டமின் பி12: தாவர உணவில் இது நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. பழைய சோறு, புளித்த மாவு, சுருள்பாசி ஆகியவற்றை இதற்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். கீரையும் பயறும் மிகுதியாக உண்பவருக்கு ஃபோலிக் அமிலம் போதிய அளவு கிடைப்பதால், பி12 குறைவினால் வரும் இரத்தசோகை வெளிப்படாமல் போகலாம். அதே வேளையில் நரம்புகள் பாதிக்கப்படலாம். கை கால் மரத்துப்போதல், நடை தடுமாற்றம், மறதி ஆகியவற்றை முதுமையின் விளைவு என ஒதுக்க வேண்டாம். மாத்திரையின் அளவை மருத்துவர் முடிவு செய்வார்.

இரும்புச்சத்து: சீலியாக் நோயில் குடல் இதனை உறிஞ்சுவது குறைகிறது, தாவர உணவிலுள்ள இரும்பும் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. பயறு, கீரை, எள் ஆகியவற்றுடன் நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்த்து உண்ணவும். உணவுடன் காபி, தேநீர் அருந்துவதைத் தவிர்க்கவும்.

கால்சியம், வைட்டமின் டி: பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. எள், கீரை, கால்சியம் செறிவூட்டிய சோயா பால் ஆகியவற்றையும் சேர்த்துக் கொள்ளவும்.

புரதம்: அரிசியில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் நிறைந்துள்ளது. நாள்தோறும் பருப்பு, பயறு அல்லது சோயா உண்ண வேண்டும்.

ஒரு நாள் உணவு: ஓர் எடுத்துக்காட்டு

காலை: கேழ்வரகு தோசை, வேர்க்கடலைச் சட்னி, ஒரு நெல்லிக்காய்.
மதியம்: சோறு, முருங்கைக்கீரை சேர்த்த பருப்புக் கூட்டு, காய்ப் பொரியல், எலுமிச்சை ரசம்.
மாலை: கொண்டைக்கடலைச் சுண்டல், கொய்யா.
இரவு: பாசிப்பயறு தோசை அல்லது கம்பு அடை, எள்ளுப்பொடி.

நீரிழிவு உள்ளவர்கள் கோதுமைக்கு ஈடாக வெள்ளரிசியின் அளவை மட்டும் கூட்டினால் இரத்தச் சர்க்கரை உயரக்கூடும். அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளவும்.

மருந்துகள் குறித்து

கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து பெறப்படுகிறது. சில மாத்திரைகளில் கோதுமை ஸ்டார்ச் சேர்க்கப்பட்டிருக்கலாம். மாற்று மருந்து உள்ளதா என மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள்; தாமாக எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

எப்போது மருத்துவ உதவி நாட வேண்டும்?

மூச்சுத்திணறல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், மயக்கம் ஏற்பட்டால் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கவும். தொடர் வயிற்றுப்போக்கு, எடை குறைதல், மிகுந்த சோர்வு, கை கால் மரத்துப்போதல், குழந்தையின் எடை கூடாமை ஆகியவை இருப்பின் காலந்தாழ்த்தாது மருத்துவரை அணுகவும்.

சீலியாக் நோயாளிகளுக்குக் குளூட்டனை நிறுத்திய சில வாரங்களில் உடல்நலம் தேறத் தொடங்கும். குடல் முழுமையாக ஆற மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். நலமாக உணரும் காலத்திலும் விலக்கைத் தளர்த்தாமல், மருத்துவர் குறிப்பிடும் கால இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்து கொள்ளவும்.