குல்பி உப்புக் கரிக்கிறதா? உஷார்!

இரவு 10 மணி. தெரு அடங்கி விட்டது.

“டிங்... டிங்...”

மணி அடித்தபடி தள்ளுவண்டி வருகிறது. அதன்மேல் சிவப்புத் துணி சுற்றிய பானை.

“அம்மா... குல்பி!” தூங்கப் போன வாண்டு எழுந்து வாசலுக்கு ஓடுகிறது.

கோடை வந்தால் சென்னைத் தெருக்களில் சகஜமான காட்சி இது. ஜில்லுன்னு ஒரு குல்பி! சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பானைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்து கொண்டு சாப்பிடுங்கள்.

பேரே பூட்டு!

குல்பி, டெல்லிப் பக்கத்துச் சரக்கு. மொகலாயர் காலத்தில் வேர் விட்ட பண்டம். “குல்பி” என்பது பார்சி சொல். மூடி போட்ட கிண்ணம் என்று அர்த்தம். பூட்டைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது.

அக்பர் அரண்மனையில் வெடியுப்பைக் கொண்டு தண்ணீரைக் குளிர வைத்தார்கள். ஆமாம், வெடிமருந்தில் சேர்க்கிற அதே உப்புதான்! 1586 முதல் வடக்கு மலைகளில் இருந்து லாகூருக்குப் பனிக்கட்டியே வந்து இறங்கியது. “அயினி அக்பரி”யில் அபுல் பசல் இதை எழுதி வைத்திருக்கிறார்.

பானை ரகசியம்

பாலைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். சர்க்கரை, ஏலக்காய், பிஸ்தா சேர்க்கிறார்கள். ஐஸ்கிரீம் மாதிரி கடைவது இல்லை. உள்ளே காற்று கிடையாது. அதனால்தான் குல்பி கெட்டியாக இருக்கிறது. சீக்கிரம் உருகுவதில்லை.

பிறகு கூம்பு அச்சில் ஊற்றி, மூடி போடுவார்கள். மூடியைச் சுற்றி மாவு பூசி அடைப்பதும் உண்டு. அச்சுகளைச் சுற்றிப் பானையில் உடைத்த ஐசும் உப்பும் கொட்டுவார்கள்.

உப்பு எதற்கு? உருகும் ஐஸ் 0 டிகிரி. சர்க்கரை கலந்த பால் அந்தக் குளிருக்கு உறையாது. உப்புச் சேர்ந்தால் குளிர் மைனஸ் 20 டிகிரி வரை கூட இறங்கும். பால் கல்லாகி விடும்!

எங்கே ஆபத்து?

பால் கொதிக்கும்போது நோய்க்கிருமிகள் செத்து விடும். வில்லங்கம் அதற்குப் பிறகுதான்.

மீனையும் மற்றதையும் கெடாமல் வைக்கிற ஐஸ், வாயில் போடுவதற்கு அல்ல. அதை அடையாளம் காட்ட நீல நிறம் சேர்க்கச் சொல்லி 2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது.

எந்த ஐசாக இருந்தாலும் அச்சுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். மூடி லூசாக இருந்தால் உருகிய தண்ணீர் உள்ளே கசியும். டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் குளிருக்கெல்லாம் பயப்படாது!

கவனியுங்கள்

அச்சைக் கழற்ற எந்தத் தண்ணீரில் முக்குகிறார்கள்? பானையில் உருகிக் கிடக்கும் தண்ணீரில் என்றால், வேண்டாம்.

மூடி இறுக்கமாக இருந்ததா? அதையும் பாருங்கள்.

கடைசியாக, நாக்கு சொல்வதைக் கேளுங்கள். குல்பியின் ஓரம் உப்புக் கரித்தால் பூட்டு உடைந்து விட்டது, பானைத் தண்ணீர் உள்ளே புகுந்து விட்டது என்று அர்த்தம்.

அந்த உப்புதான் துப்பு. உடனே துப்பு!