சமுதாயக் கல்லூரியில் கணினி நிரல் கற்கலாமா?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுவாரம், காலைத் திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்திற்கு ஒரு தாய் வந்தார். மகன் கணக்குப் பாடத்தில் தேர்ச்சி பெறவில்லை. "சாமி, சமுதாயக் கல்லூரியில கம்ப்யூட்டர் புரோகிராமிங் சொல்லித் தர்றாங்களாம். ஒரு வருசம்தானாம். அது நெஜமான காலேஜ்தானா, இல்ல ஏமாத்துற எடமா?" என்று கேட்டார். இது அந்த ஒரு வீட்டின் கேள்வி மட்டுமல்ல. ஆண்டுதோறும் மே, சூன் மாதங்களில் பல பெற்றோர் இதையே நம்மிடம் கேட்கின்றனர். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

சமுதாயக் கல்லூரி என்ற எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டு ஆறே மாணவர்களுடன் தொடங்கிய கல்லூரியே அங்குள்ள அரசு சமுதாயக் கல்லூரிகளில் மூத்தது. தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்திற்குச் செல்ல வசதியற்றவர்கள் தம் ஊரிலேயே, குறைந்த செலவில், முதல் இரண்டு ஆண்டுகளைப் படிக்கட்டும் என்பதே நோக்கம். இன்று அங்கே இத்தகைய கல்லூரிகள் ஆயிரத்துக்கும் அதிகம். பகலில் கடையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் நிரல் எழுதக் கற்கும் நாற்பது வயதுக்காரரை அங்கே எவரும் வியப்பாகப் பார்ப்பதில்லை.

நம் நாட்டிற்கு இது வந்த வழியில் திருச்சபைக்கும் பங்குண்டு. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. பின்னர் இயேசு சபையினரின் உழைப்பால் இவை பல மாநிலங்களுக்கும் பரவின. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2012-17) பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கெனத் தனித் திட்டம் வகுத்தது. ஆனால் நம்மிடம் உள்ளவை அமெரிக்கக் கல்லூரிகளின் நகல் அல்ல. இங்கே பெரும்பாலும் ஓராண்டுப் பட்டயப் படிப்பு. வாழ்வுத் திறன், தொழில் திறன், அதன்பின் பணியிடப் பயிற்சி என்று அமைந்திருக்கும். பள்ளியை இடையில் விட்டவர்கள், தேர்வில் தவறியவர்கள், குடும்பப் பொறுப்பில் இருக்கும் பெண்கள் ஆகியோரை மனத்தில் கொண்டே இப்படி வகுத்தார்கள்.

ஆகவே அந்தத் தாயிடம், "நெஜமான படிப்புதாம்மா" என்று சொன்னோம். அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. ஓராண்டுப் பட்டயத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளர் வேலையை எதிர்பார்ப்பது பொருந்தாது. அவர்கள் பெரும்பாலும் பட்டம் கேட்பார்கள். கணக்குப் பதிவு, அலுவலகத் தகவல் பணி, சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் அமைத்தல் போன்றவற்றில் தொடங்கி, வேலை செய்துகொண்டே அஞ்சல் வழியில் மேலே படிப்பதுதான் நடைமுறையான பாதை. நூறு விழுக்காடு வேலை உறுதி என்று எவராவது சுவரொட்டி ஒட்டினால் அந்தப் பக்கம் போகாதீர்கள். சேருமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சான்றிதழை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு அமைப்பு? ஒரு மாணவருக்கு ஒரு கணினி உண்டா? சென்ற ஆண்டு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

சரி, நிரல் எழுதுவது என்றால் என்ன? கணினிக்குத் தானாக எதுவும் தெரியாது. நாம் படிப்படியாக எழுதிக் கொடுக்கும் கட்டளைகளை, எழுதியது எழுதியபடியே செய்யும். நாம் மனத்தில் நினைத்ததைச் செய்யாது. இதை நாம் நம் பங்கிலேயே சற்று அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், சமுதாயக் கல்லூரியில் படித்த நம் பங்கு இளைஞர் ஒருவர், செயல்முறைப் பயிற்சிக்காகப் பங்குச் சந்தாப் பட்டியலைக் கேட்டார். ஆண்டுச் சந்தா 600 ரூபாய். பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களை மட்டும் பிரித்துத் தரும் நிரல் ஒன்றை எழுதினார். செலுத்திய தொகை 600-ஐ விடக் குறைவு என்றால் பெயரை அச்சிடு என்று அவர் எழுதியிருக்க வேண்டும். எழுதியதோ, 600 அல்லது அதற்குக் குறைவு என்றால் அச்சிடு என்பது. விளைவு, ஒரு ரூபாய்கூடப் பாக்கியில்லாத குடும்பங்களெல்லாம் பட்டியலில் வந்துவிட்டன. நாமும் சரிபார்க்காமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டோம்! ஞாயிறு காலையில் ஒரு பெரியவர் ரசீதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றார். அடுத்த ஞாயிறு மறையுரைக்கு முன் நாம் மன்னிப்புக் கேட்டோம்.

அந்த இளைஞர் இரண்டு வாரம் கோயில் பக்கமே வரவில்லை, கல்லூரிக்கும் போகவில்லை. வீட்டிற்குச் சென்று பார்த்தோம். "எனக்குக் கணக்கு வராதுன்னு பிளஸ் டூ-லயே தெரிஞ்சுபோச்சு சாமி. இது எனக்குச் சரிப்படாது" என்றார். அவருடைய ஆசிரியர் நல்லவர். திட்டவில்லை, தாமே திருத்தியும் கொடுக்கவில்லை. ஒரு தாளில் மூன்று குடும்பங்களை மட்டும் எழுதச் சொன்னார்: 500 கொடுத்தவர், 600 கொடுத்தவர், 700 கொடுத்தவர். "இப்போ நீதான் கம்ப்யூட்டர். ஒவ்வொரு வரியா செஞ்சுகிட்டு வா" என்றார். இரண்டாவது குடும்பத்திலேயே தம்பிக்குப் பிழை பிடிபட்டுவிட்டது. நீக்க வேண்டியிருந்தது ஒரேயொரு சமக்குறி.

இதை நாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளித் தேர்வில் பிழை என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு, அத்தோடு கதவு மூடிவிடும். நிரல் எழுதுவதிலோ பிழை என்பது அன்றாட வேலை. இருபதாண்டு அனுபவம் உள்ளவருக்கும் முதல் முறையே சரியாக ஓடுவது அரிது. பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பதே தொழிலின் பாதி. 'தோற்றவன்' என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைக்கு முதல் மூன்று மாதங்கள் கடினமாக இருப்பது இதனால்தான். திரையில் பிழைச் செய்தி வரும்போதெல்லாம் பழைய மதிப்பெண் பட்டியலே அவன் கண்முன் நிற்கும். அந்த மூன்று மாதம் தாக்குப்பிடிப்பவர்கள் பெரும்பாலும் படிப்பை முடிக்கின்றனர் என்பது நாம் கண்டது.

ஆங்கிலம் வராதே என்ற அச்சமும் உண்டு. இப்போது பரவலாகக் கற்பிக்கப்படும் பைத்தான் மொழிக்கு அடிப்படையான கட்டளைச் சொற்கள் ஏறக்குறைய 35 மட்டுமே. 'சந்தா', 'பாக்கி' என்று நாம் வைக்கும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம், கணினி ஏற்றுக்கொள்ளும். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் திரும்பத் திரும்ப வருபவை சிலவே. செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, பிறகு ஏன் படிக்க வேண்டும் என்று சில தந்தையர் கேட்கின்றனர். எழுதித் தருகிறது, உண்மைதான். அது தந்ததில் அந்தச் சமக்குறி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டுமே!

பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்போருக்கு அருள்சகோதரி மேரி கென்னத் கெல்லரைப் பற்றிச் சொல்வோம். அமெரிக்காவில் கணினி அறிவியலில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்ற இருவருள் இவர் ஒருவர், ஆண்டு 1965. அதே ஆண்டில் அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி, இருபது ஆண்டுகள் வழிநடத்தினார். வேலைக்குச் செல்லும் தாய்மாரைக் கைக்குழந்தையோடு வகுப்புக்கு வரச் சொன்னவர் அவர். நம் கல்லூரிகளில் எத்தனை இன்று அதற்கு இசையும் என்று தெரியவில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நாள்தோறும் இரண்டு மணி நேரம் கணினி முன் உட்கார வழி செய்யுங்கள். கைப்பேசித் திரையில் இதைப் பழகுவது கடினம். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்காக, பங்கு நூலகத்திலுள்ள இரண்டு பழைய கணினிகளையும் மாலை 6 முதல் 8 வரை திறந்து வைத்திருக்கிறோம். சந்தாப் பட்டியல் தந்த அந்தத் தம்பிதான் அங்கே உட்கார்ந்து சொல்லித் தருகிறார். இப்போது நகரில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்குப் பார்க்கிறார்; அஞ்சல் வழியில் பட்டப்படிப்பும் இரண்டாம் ஆண்டு.

விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க அந்தத் தாய் சென்ற வாரம் மகனோடு வந்தார். பையன் வாய் திறக்கவில்லை. "மூணு மாசம் பாக்கலாம் சாமி" என்று அவர்தான் சொன்னார். புறப்படும்போது பையன் நூலக வாசலில் சற்று நின்று, கணினி முன் இருந்தவர்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.