விக்டோரியா பொலிவியானா – புதிய பேரல்லிச் சிற்றினம்

விக்டோரியா பொலிவியானா என்பது தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டு நீர்நிலைகளில் வளரும் ஒரு பேரல்லி ஆகும். அல்லிக் குடும்பத் தாவரங்களில் மிகப் பெரிய இலையை உடையது இதுவே. 2022 சூலையில் இது தனிச் சிற்றினமாக அறிவிக்கப்பட்டது. இதன் உலர்ந்த மாதிரி இலண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவின் காப்பகத்தில் அதற்கு முன்பே 177 ஆண்டுகளாக இருந்து வந்தது. புதிய தாவரம் என்றால் இதுவரை யாரும் காணாத தாவரம் என்றே பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அப்படி இல்லை என்பதற்கு இந்த அல்லி நல்ல எடுத்துக்காட்டு.

பேரினமும் பெயரும்

விக்டோரியா பேரினத்தைச் சிலர் 'விக்டோரியா தாமரை' என்று அழைப்பர். ஆனால் இது தாமரைக்கு நெருங்கிய உறவு அன்று. தாமரை வேறு குடும்பம். விக்டோரியா நம் குளங்களில் பூக்கும் அல்லி, ஆம்பலின் குடும்பம். தாமரையின் இலை நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கும். விக்டோரியாவின் இலையோ தாம்பாளம் போல நீரின் மீது படிந்து மிதக்கும்.

இப்பேரினத்துக்கு 1837-ஆம் ஆண்டு ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி, அவ்வாண்டு அரியணை ஏறிய விக்டோரியா அரசியின் பெயரைச் சூட்டினார். 2022 வரை இதில் இரண்டு சிற்றினங்களே ஏற்கப்பட்டிருந்தன. ஒன்று, அமேசான் ஆற்றுப் பகுதிக்குரிய விக்டோரியா அமசோனிகா. மற்றொன்று, அதற்குத் தெற்கே பரானா ஆற்றுப் பகுதிக்குரிய விக்டோரியா குரூசியானா. இரண்டாவதற்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் டோர்பிஞி. பொலிவியாவின் தலைவராக இருந்த ஆந்திரேஸ் தெ சாந்தா குரூஸ் என்பவரின் நினைவாக அவர் அப்பெயரை வைத்தார். பொலிவியத் தலைவரின் பெயரைத் தாங்கிய அல்லி ஒன்று இருக்க, பொலிவியாவுக்கே உரிய அல்லி பெயரின்றி இருந்தது.

தாவரத்தின் அமைப்பு

பொலிவியாவின் வடகிழக்கில் 'லானோஸ் தெ மோகோஸ்' என்னும் பரந்த புல்வெளிச் சமவெளி உள்ளது. மழைக்காலத்தில் இதன் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கும். அங்குள்ள ஏரிகளிலும் தேங்குநீர்ப் பகுதிகளிலும் இப்பேரல்லி வளர்கிறது.

இதன் இலை ஏறத்தாழ 3 மீட்டர் குறுக்களவு வரை விரியும். பொலிவியாவின் சாந்தா குரூஸ் நகரை அடுத்த லா ரின்கொனாதா பூங்காவில் வளர்ந்த ஓர் இலை 3.2 மீட்டர் இருந்தது. இரண்டு ஆள் நீளத்துக்குச் சற்றே குறைவான அளவு இது.

இவ்வளவு பெரிய இலை கிழியாமல் மிதப்பதற்குக் காரணம் அதன் அடிப்பக்கம். நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தடித்த நரம்புகள் கிளைத்துச் செல்ல, அவற்றைக் குறுக்கு நரம்புகள் இணைக்கின்றன. நரம்புகளுக்குள் காற்றறைகள் உள்ளன. நீரில் வாழும் உயிரினங்கள் கடிக்காதபடி இலையின் அடிப்புறத்திலும் காம்பிலும் கூரிய முட்கள் அமைந்துள்ளன.

விக்டோரியா மலர்கள் இரண்டு இரவுகள் மட்டுமே விரிந்திருக்கும். முதல் நாள் மாலையில் மலர் வெண்ணிறமாக விரிந்து, உட்புறம் சூடேறி, பழ வாசனை போன்ற மணத்தைப் பரப்பும். அப்போது சூலகமுடி மட்டும் மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருக்கும். மணத்தை நாடி வரும் வண்டுகள் உள்ளே இருக்கும்போதே மலர் மூடிக்கொள்ளும். மறுநாள் மாலை மலர் இளஞ்சிவப்பாக நிறம் மாறித் திறக்கும். அதற்குள் மகரந்தப்பைகள் வெடித்திருக்கும். மகரந்தம் பூசிய வண்டுகள் வெளியேறி, அன்று புதிதாக விரிந்த வேறொரு வெள்ளை மலரைத் தேடிச் செல்லும். இவ்வாறு அயல் மகரந்தச் சேர்க்கை நிகழ்கிறது. பின்னர் மலர் நீருக்குள் மூழ்கிவிடும்; காய் நீருக்கடியில் முதிரும்.

ஏன் இத்தனை காலம் அறியப்படவில்லை?

தாவரவியலாளர்கள் தாவரத்தை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, சேகரித்த இடம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி உலர்தாவரக் காப்பகத்தில் வைப்பர். செம்பருத்திக் கிளையை இப்படி ஒரே தாளில் அடக்கலாம். மூன்று மீட்டர் இலையை எவ்வாறு அடக்குவது? விக்டோரியாவின் இலையும் பூவும் நீர் நிறைந்தவை, முட்கள் கொண்டவை, எளிதில் அழுகக்கூடியவை. எனவே காப்பகங்களில் இதன் மாதிரிகள் மிகக் குறைவு; இருப்பவற்றிலும் பல துண்டுகளே. துண்டுகளை மட்டும் பார்த்து ஒரு தாவரத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆகவே பொலிவியாவிலிருந்து வந்தவை ஏற்கெனவே பெயர் பெற்ற சிற்றினங்களோடு சேர்த்து வைக்கப்பட்டன. கியூவில் இருந்ததைப் போலவே பொலிவியாவின் தேசிய உலர்தாவரக் காப்பகத்திலும் இதன் மாதிரி 34 ஆண்டுகள் அடையாளம் காணப்படாமல் இருந்தது.

கியூ பூங்காவின் தோட்டக்கலை வல்லுநர் கார்லோஸ் மக்தலேனா 2006-ஆம் ஆண்டு இணையத்தில் ஒரு விக்டோரியாவின் படத்தைக் கண்டார். அறியப்பட்ட இரண்டில் எதனோடும் அது பொருந்தவில்லை என்று அவருக்குத் தோன்றியது. 2016-இல் சாந்தா குரூஸ் தாவரவியல் பூங்காவும் லா ரின்கொனாதா பூங்காவும் விதைகளைக் கியூவுக்கு நன்கொடையாக அளித்தன. அவ்விதைகளிலிருந்து முளைத்த செடிகளை மற்ற இரண்டு சிற்றினங்களின் அருகிலேயே, ஒரே நீரில், ஒரே வெப்பத்தில் வளர்த்தனர். ஒரே சூழலில் வளர்த்தும் வேறுபாடு மறையவில்லை என்றால், அது மண்ணாலோ நீராலோ வந்ததன்று, பிறவியிலேயே உள்ளது என்று கொள்ளலாம்.

தாவர ஓவியர் லூசி சுமித் மூன்றின் மலர்களையும் வரைந்து ஒப்பிட்டார். மலர்கள் இரவில் விரிவதால் அவர் இரவில் கண்ணாடி இல்லத்தில் இருந்து வரைய வேண்டியிருந்தது. முட்கள் பரவியிருக்கும் விதம், விதையின் வடிவம் முதலியவற்றில் வேறுபாடுகள் தெரிந்தன. டி.என்.ஏ. ஆய்வும் இதனை உறுதி செய்தது. இதன் நெருங்கிய உறவு விக்டோரியா குரூசியானா என்றும், இரண்டும் ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்றும் அவ்வாய்வு காட்டியது. கியூ அறிவியலாளர்களும் பொலிவிய அறிவியலாளர்களும் இணைந்து எழுதிய கட்டுரை 2022 சூலை 4 அன்று வெளிவந்தது.

பெயரிடும் விதிகள்

ஒரு தாவரம் புதியது என்று சொன்னால் மட்டும் போதாது. அறிவியல் உலகம் அதனை ஏற்க, பன்னாட்டுத் தாவரப் பெயரிடும் விதிகளின்படி சில நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

1. பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் கொண்ட இருசொற்பெயர் வேண்டும். லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலே இம்முறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

2. தாவரத்தின் விளக்கமோ, பிற சிற்றினங்களிலிருந்து அது வேறுபடும் விதமோ எழுதப்பட வேண்டும். முன்பு இது இலத்தீனில்தான் இருக்க வேண்டும். 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம்.

3. வகைமாதிரி ஒன்றைக் குறிப்பிட்டு, அது எந்தக் காப்பகத்தில் உள்ளது என்றும் கூற வேண்டும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் சான்று இதுவே. உயிருள்ள செடி வகைமாதிரி ஆகாது.

4. இவையனைத்தும் முறையான வெளியீட்டில் வர வேண்டும். 2012 முதல் இணைய இதழ்களும் ஏற்கப்படுகின்றன.

ஆய்வில் பங்கேற்ற பொலிவிய நாட்டவரையும், தாவரத்தின் பிறப்பிடத்தையும் சிறப்பிக்கும் வகையில் 'பொலிவியானா' என்ற பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது.

பெயரால் என்ன பயன்?

அழியும் நிலையில் உள்ள உயிர்களின் பட்டியல் சிற்றினப் பெயரை அடிப்படையாகக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. பொலிவியப் பேரல்லி வேறொரு சிற்றினத்தின் பகுதியாக எண்ணப்பட்டவரை, அது பல நாடுகளில் பரவிய தாவரமாகவே கணக்கில் இருந்தது. ஒரு பகுதியில் அது அழிந்தாலும் வேறு இடங்களில் உள்ளது என்றே கருதப்பட்டிருக்கும். தனிப்பெயர் பெற்ற பிறகே, அதன் இருப்பிடம் ஒரு நாட்டின் ஒரு வெள்ளச் சமவெளியைச் சார்ந்தது என்பது தெளிவானது. அச்சமவெளியின் நீர்நிலைகள் கெட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை.

இது ஒரு தாவரத்தின் கதை மட்டுமன்று. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 தாவரச் சிற்றினங்கள் புதிதாகப் பெயர் பெறுகின்றன. 2010-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சேகரிக்கப்பட்ட 5 ஆண்டுகளுக்குள் விவரிக்கப்பட்டவை 16 விழுக்காடு மட்டுமே. ஏறத்தாழ கால்பங்கு விளக்கங்களுக்கு 50 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான மாதிரிகள் பயன்பட்டிருந்தன. இன்னும் பெயரிடப்படாத பூக்கும் தாவரங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஏற்கெனவே காப்பகங்களில் இருக்கலாம் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. பெயரிடப்படாதவற்றில் நான்கில் மூன்று பங்கு இப்போதே அழியும் ஆபத்தில் இருக்கக்கூடும் என்று கியூ 2023-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

ஆகவே புதிய சிற்றினத்தைக் கண்டறிவதில் காட்டுப் பயணத்துக்கு உள்ள அதே இடம், காப்பகத்தின் பழைய தாள்களைப் பொறுமையாகப் புரட்டுவதற்கும், செடிகளை அருகருகே வளர்த்து ஒப்பிடுவதற்கும் உண்டு. விக்டோரியா பொலிவியானாவுக்குத் தனிப்பெயர் கிடைத்தது ஒருவர் ஒரு படத்தைக் கூர்ந்து பார்த்ததாலும், பொலிவியப் பூங்காக்கள் விதைகளைத் தந்ததாலுமே ஆகும்.