தட்டை வர்ணச் சித்திரம்

சித்திரம் பயிலப் புகும் மாணவர் பலர் முதல் நாளிலேயே தூரிகையைக் கீழே வைத்துவிடுகின்றனர். ஒளியும் நிழலும் குழைந்து தோன்றத் தீட்ட முயன்று, தாள் முழுதும் சேறாகக் கண்டு மனந்தளர்வதே காரணம். நாமும் அவ்வாறு தளர்ந்தவர்களே. ஆதலின் எளிய வழியொன்றைக் கூறத் துணிந்தோம்.

மட்குடம், கத்தரிக்காய், எலுமிச்சம்பழம் இம்மூன்றையும் ஜன்னலருகே, ஒன்றையொன்று சிறிது மறைக்குமாறு வைக்க. கண்களைப் பாதி மூடி நோக்கின், நுண்ணிய கூறுகள் மறைந்து பெரிய உருவங்களே எஞ்சும். அவற்றின் புறக்கோடுகளை மட்டும் மெல்லென வரைக. பொருள்களுக்கிடையே உள்ள வெற்றிடமும் ஓர் உருவமே, நிழலும் அவ்வாறே. போஸ்டர் வர்ணத்தைத் தோசைமாவின் பதத்தில் கரைத்து, ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரே நிறத்தைச் சமமாகப் பூசுக. பின்புலத்தை முதலில் முடிக்க. ஒன்று உலர்ந்த பின்னரே அடுத்ததைத் தொடுக. அன்றேல் நிறங்கள் கலங்கும். கத்தரிக்காயின் கருமைக்கு அருகே எலுமிச்சையின் மஞ்சள் அமையின் இரண்டும் விளங்கும்.

இது சிறுபிள்ளை விளையாட்டன்று. வங்கத்து ஜாமினி ராய் (1887–1972) நாட்டுப்புறப் படங்களைப் பின்பற்றித் தட்டை நிறங்களாலேயே புகழெய்தினார். பிரான்சு தேசத்து மாத்தீஸ் முதுமையில் வர்ணத்தாளைக் கத்தரித்தே சித்திரம் அமைத்தார். தாம்பரத்திற்குக் கிழக்கே, கடலோர ஈஞ்சம்பாக்கத்தில், கே. சி. எஸ். பணிக்கரின் முயற்சியால் 1966-இல் சோழமண்டலக் கலைஞர் கிராமம் தோன்றியது. அங்குள்ள சித்திரசாலையை மாணவர் ஒருமுறை சென்று காண்க.

முதற் சித்திரம் கோணினும் கிழித்தெறியற்க. அதே மூன்று பொருள்களை மறுவாரமும் தீட்டி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க. கைத்திறனினும் முன்னதாகக் கண் வளர்ந்திருத்தலை உணர்வீர்.