ஓட்டம் நின்றால் மூடும் மின்கதவு



கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவு போன்ற கடலோரத் தோட்டங்களில், வாய்க்கால் முகப்பில் தொங்கும் கதவுகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கடல் வற்றும்போது உள்நீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது, ஏறிவரும் நீரே கதவை அழுத்தி மூடிவிடும். அக்கதவில் ஒரு கொக்கியும் இருப்பதாக நாம் வைத்துக்கொள்வோம். கொக்கியை விடுவித்தால்தான் கதவு திறக்கும். திறந்தபின் பாய்கின்ற நீரே அதைத் தாங்கி நிற்கும். ஓட்டம் நின்றதும் கதவு விழுந்து, கொக்கி மீண்டும் மாட்டிக்கொள்ளும். மின்சாரத்திற்கு இத்தகைய கதவாக அமைந்ததே தைரிஸ்டர்.

1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இது உருவாக்கப்பட்டது. சிலிக்கனால் ஆன நான்கு அடுக்குகளும் மூன்று முனைகளும் இதற்கு உண்டு. நேர்மின்வாயிலிருந்து எதிர்மின்வாய்க்கு ஒரே திசையில்தான் மின்னோட்டம் செல்லும். மூன்றாவது முனையான வாயிலே நாம் சொன்ன கொக்கி. அங்கே சிறிதளவு மின்னோட்டத்தை ஒரு கணம் செலுத்தினால் போதும், பெரிய மின்னோட்டம் பாயத் தொடங்கிவிடும். பிறகு வாயிலில் மின்னோட்டத்தை நிறுத்தினாலும் கதவு மூடாது. பெரிய ஓட்டம் ஏறத்தாழச் சுழியாகும்போதுதான் மூடும்.

மின்கலத்துடன் இணைத்தால் ஓட்டம் ஓயாது. ஆகவே கதவும் தானாக மூடாது. நம் வீட்டு மின்சாரமோ மாறுதிசை மின்சாரம். அது நொடிக்கு 50 சுற்றுகள் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை, அதாவது நொடிக்கு 100 முறை, சுழியைத் தொடுகிறது. அவ்வப்போது கதவு தானே மூடிக்கொள்கிறது. மறுபடி எப்போது திறப்பது என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் கிள்ளான் மண்டபங்களிலும் விளக்கொளியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் பலவற்றினுள் இருப்பது டிரையாக். எதிரெதிராகப் பொருத்திய இரு தைரிஸ்டர்களின் வேலையை அது ஒன்றே செய்கிறது. ஒவ்வோர் அரைச்சுற்றும் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் நீடிக்கும். அதன் நடுவில் கதவைத் திறந்தால், இழை பல்பிற்கு ஏறத்தாழப் பாதி ஆற்றலே போகும். பழைய தடைக்கம்பியைப்போல மீதியை வெப்பமாக்கி வீணடிப்பதில்லை.

பெரிய அளவிலும் இதுவே நடக்கிறது. கெடாவின் குருனுக்கும் தாய்லாந்தின் க்லோங் ங்கேவுக்கும் இடையே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்மின்சாரத் தடம், 300 மெகாவாட் வரை கடத்தவல்லது. அதன் இரு முனைகளிலும் மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாகவும், நேர்மின்சாரத்தை மாறுதிசை மின்சாரமாகவும் மாற்றுபவை வரிசையாக அடுக்கிய தைரிஸ்டர்களே.

இதிலிருந்து இல்லத்தார் அறிய வேண்டியது ஒன்றுண்டு. தைரிஸ்டர் மூடியிருந்தாலும் அது முழுமையான துண்டிப்பன்று. சிறிதளவு மின்னோட்டம் கசியும். அது பழுதுபட்டால் பெரும்பாலும் திறந்த நிலையிலேயே நின்றுவிடும். ஆகவே திருகைக் குறைத்துவிட்டோம், விளக்கு அணைந்துவிட்டது என்று நம்பி பல்பு மாட்டும் இடத்தில் கை வைக்கக்கூடாது. மின்பலகையில் அதற்குரிய விசையை அணைத்த பிறகே ஏணியில் ஏறவேண்டும். எல்.இ.டி. விளக்கு வாங்கும்போதும், ஒளியைக் குறைக்க ஏற்றது என்று பெட்டியில் குறித்திருக்கிறதா எனப் பாருங்கள். ஏற்றதல்லாத விளக்கு துடிக்கும். விரைவில் கெடவும் கூடும்.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.